இரட்டைக் கேபிளும் ஒற்றைப் புளுகும்

தம்பின் வட்டாரத் தோட்டங்களுக்கென்று ஒரு யோசனைத்தாள் சில மாதங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் தம்மை வலையமைப்பு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிறார். அவர் பெயரை இங்கே இழுக்கவில்லை. எனக்கு வழக்கு ஆளோடு இல்லை, எழுத்தோடுதான். தோட்ட அலுவலகம், செம்பனை ஆலை, எடைமேடை, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறை என்று எல்லா இடத்துக்கும் அவர் சொல்வது ஒன்றே: மேனேஜ்டு சுவிட்ச் வாங்குங்கள், ஒரு கேபிள் ஓடும் இடத்தில் இரண்டு இழுங்கள், இரண்டையும் லிங்க் அக்ரிகேஷனில் சேருங்கள், வேகம் இரட்டிப்பாகிவிடும்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதால் கிராணிமார் தலையாட்டுகிறார்கள். மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார். சுவிட்ச் பெட்டிக்குள் அந்தக் கூட்டல் நடப்பதே இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் ஆலோசகர். அவருக்கே அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எழுதவில்லை. இரண்டில் எது மோசம் என்று வாசிப்பவரே முடிவுசெய்துகொள்ளட்டும்.

தம் வாதத்துக்கு அவர் துணைக்கு அழைப்பது நம் ஊர் ரயிலை. சிரம்பான்–கெமாஸ் இரட்டைப் பாதை வந்ததும் ரயில் எப்படிப் பறக்கிறது பாருங்கள், கேபிளும் அப்படித்தான் என்கிறார். அவரைக் கவிழ்ப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது. இந்தியாவின் இர்கான் நிறுவனம் கட்டி 2013-இல் முடிந்த அந்தப் பாதையில் வண்டி வேகமாக ஓடுவது தண்டவாளம் இரண்டு என்பதாலா? மேலே மின்கம்பி வந்தது, பாதை புதிதாக அமைந்தது, சிக்னல் மாறியது, மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடும் இடிஎஸ் வண்டி வந்தது. வேகம் அவற்றால் வந்தது. இரண்டாவது தண்டவாளம் பார்க்கும் வேலை வேறு: வடக்கே போகும் வண்டிக்காகத் தெற்கே போகும் வண்டி ஒதுங்கிக் காத்து நிற்க வேண்டாம், அவ்வளவுதான். புலாவ் செபாங் நிலையத்தில் (தம்பின் நிலையம் என்று நாம் சொன்னாலும் அது நிற்பது மலாக்கா மண்ணில்) ஏறி உட்கார்ந்த பயணி யாராவது, தன் வண்டியின் பாதிப் பெட்டிகள் ஒரு தண்டவாளத்திலும் மீதி மறு தண்டவாளத்திலும் ஓடியதைப் பார்த்ததுண்டா? கிராணி அனுப்பும் கோப்பும் அந்த வண்டி மாதிரித்தான்; ஏதாவது ஒரு பாதையில்தான் முழுசாகப் போகும்.

ஏன் அப்படி என்பதை அவர் தாளில் எங்கும் விளக்கவில்லை. நான் விளக்குகிறேன். இரண்டு கேபிளை ஒரு குழுவாகச் சேர்த்ததும், வெளியே போக வேண்டிய ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சுவிட்ச் ஒரு கேபிளைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். காலியாக இருப்பது எது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரியையும் எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடுகிறது. நாம் அமைத்த விதத்தைப் பொறுத்து அது மேக் முகவரியாகவோ ஐபி முகவரியாகவோ, இன்னும் உள்ளே போய் டிசிபி போர்ட் எண்ணாகவோ இருக்கும். கணக்கின் விடை எந்தக் கேபிளைக் காட்டுகிறதோ அதில் அனுப்பிவிடும். ஓர் உரையாடல் முடியும்வரை அதன் விடை மாறாது, ஆகவே கேபிளும் மாறாது.

இது சுவிட்ச் செய்தவர்களின் சோம்பேறித்தனம் அல்ல. 2000-இல் வந்த 802.3ஏடி தரமும், 2008-இல் அது இடம் மாறி உருவான 802.1ஏஎக்ஸ் தரமும், ஓர் உரையாடலின் துண்டுகள் வரிசை குலையாமல் போய்ச்சேர வேண்டும் என்பதில் கறாராக இருக்கின்றன. துண்டுகளுக்கு வரிசை எண் ஒட்டி அனுப்பி மறுமுனையில் அடுக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. வந்தது வந்தபடி மேலே போகும். அப்படியானால் ஓர் உரையாடலை ஒரே கேபிளில் வைத்திருப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

இதை எண்ணில் சொல்கிறேன். ஒரு ஜிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 118 மெகாபைட் போகும். அலுவலக சர்வரிலிருந்து 10 ஜிகாபைட் காப்புக் கோப்பு ஒன்றைக் கிராணி தன் கணினிக்கு இறக்கினால் 85 நொடி அளவில் ஆகும். கேபிள் ஒன்று என்றாலும் 85, இரண்டு என்றாலும் 85, எட்டு இழுத்தாலும் 85.

சரி, பல பேர் ஒரே நேரத்தில் சர்வரோடு பேசினால் இரண்டு கேபிளுக்கும் வேலை கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், ஆலோசகர் கெடுக்காமல் இருந்தால். அவர் தாளின் அட்டவணையில் சர்வருக்கு ஐபி முகவரி 192.168.1.10. கணினிகளுக்கு 20, 30, 40, 50. பார்க்க அழகாக இருக்கிறது. எளிய சுவிட்சுகளில் ஐபி முகவரிகளை வைத்துப் போடும் கணக்கு என்பது இரண்டு முகவரிகளின் கடைசி பிட்டுகளை ஒப்பிடுவது: ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. கேபிள் இரண்டே என்றால் கடைசி ஒரு பிட் போதும். இரட்டைப்படை எண்ணின் கடைசி பிட் எப்போதும் 0. இவர் கொடுத்த முகவரிகள் எல்லாமே இரட்டைப்படை. ஆக, யார் சர்வரோடு பேசினாலும் விடை 0, எல்லாரும் முதல் கேபிளில். இரண்டாவது கேபிளின் பச்சை விளக்கு மட்டும் அழகாக எரியும். ரிங்கிட்டைக் கொட்டி இழுத்த கேபிளைச் சும்மா கிடக்க வைப்பதற்கென்றே ஓர் அட்டவணை போடச் சொன்னால்கூட இவ்வளவு கச்சிதமாக யாரும் போட முடியாது.

ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் கலந்து கொடுத்தாலும் பங்கீடு சமமாக அமையும் என்ற உறுதி இல்லை. இரண்டு கேபிளில் இரண்டு உரையாடல் என்றால், இரண்டும் ஒன்றிலேயே போய் விழ சரிபாதி வாய்ப்பு. நான்கு உரையாடல் என்றால் நான்கும் ஒரே கேபிளில் குவிய எட்டில் ஒரு வாய்ப்பு. ஐம்பது பேர், நூறு பேர் பேசும் இடத்தில்தான் இது ஏறத்தாழச் சமப்படும். தோட்ட அலுவலகத்தில் ஐந்து கணினி. இதோடு, ஒவ்வொரு முனையும் தான் அனுப்புவதற்கு மட்டுமே கணக்குப் போடுகிறது. சுவிட்சில் எந்த விதத்தைத் தேர்ந்தாலும் சர்வரிலிருந்து கிளம்பும் துண்டுகளைச் சர்வரின் கணக்குதான் பிரிக்கும். தாளில் சர்வர் பக்க அமைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேகம் கூடவில்லை என்று குறை சொல்பவர்களுக்காக ஆலோசகர் ஒரு கைவைத்தியமும் வைத்திருக்கிறார். லினக்ஸ் சர்வரில் ரவுண்ட் ராபின் முறையைப் போடுங்கள், துண்டுகளை இந்தக் கேபிள், அந்தக் கேபிள் என்று மாறிமாறி அனுப்பும் என்கிறார். அனுப்பும், உண்மைதான். அப்படி அனுப்பியவை வரிசை குலைந்து வந்தால் டிசிபி என்ன நினைக்கும்? நடுவில் ஒன்று தொலைந்துவிட்டது என்று நினைக்கும். பெறும் பக்கம் ஒரே ஒப்புகையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். மூன்று முறை அப்படி வந்ததும் அனுப்பும் பக்கம், தொலையாததை மறுபடி அனுப்பி, வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் வேகம் ஏறினாலும் அது சுவிட்ச் வரைதான். கிராணியின் கணினிக்குப் போவது ஒற்றை ஜிகாபிட் கேபிள் என்பதால் ஏறிய வேகம் அங்கே நின்றுவிடும்.

சோதனை முடிவு என்று ஒரு படம் இணைத்திருக்கிறார்: 1.9 ஜிகாபிட். நான் அதை மறுக்கவில்லை. அதை அளந்த மென்பொருளில் பல ஓட்டங்களை ஒரே நேரத்தில் விடும் வசதி உண்டு. போர்ட் எண்ணை வைத்துக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, எட்டோ பத்தோ ஓட்டங்களை அவிழ்த்துவிட்டால் 1.9 வரும். கிராணி கோப்பைப் பத்தாக வெட்டிப் பத்து ஓட்டமாக இறக்குகிறாரா? எத்தனை ஓட்டம் விட்டோம் என்ற எண்ணைப் படத்தின் ஓரத்தில் வெட்டிவிட்டது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த நுட்பம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்த்திருந்தாலே இந்தக் குழப்பம் வந்திருக்காது. வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளித் தொழில்முனைவர் லேரி பிளேருடன் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கி, தம் மனைவியின் பெயரால் கல்பனா என்று அழைத்த நிறுவனம்தான், 1990 வாக்கில் ஏழு போர்ட் ஈத்தர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல இணைப்புகளைச் சேர்த்துக் கட்டும் ஈத்தர்சேனலும் அங்கே பிறந்ததே. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையே, பல கணினிகளின் பேச்சு ஒன்றாக வந்து நெருக்கும் இடத்துக்கான ஏற்பாடு அது. அதை ஐந்து கணினி அலுவலகத்துக்கு வேக மாத்திரையாக விற்பது நம் ஆலோசகரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

அடுத்தது சிசிடிவி. ஆலை முழுக்க 24 கேமரா, ஆகவே இரண்டு ஜிகாபிட் வேண்டும் என்கிறார். கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் 24 கேமராவுக்கு 96 மெகாபிட். ஏற்கெனவே இருக்கும் ஒற்றைக் கேபிளில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. அந்தக் கேமராக்களின் பின்னால் இருக்கும் போர்ட் பெரும்பாலும் 100 மெகாபிட்தான் என்பதையாவது திருப்பிப் பார்த்திருக்கலாம். எடைமேடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லோரி எண், எடை, நேரம் என்று சில வரிகள் போவதற்கு இரண்டு ஜிகாபிட்டா?

பள்ளிக்கு அவர் சொல்வதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. கணினி அறைச் சுவிட்சையும் அலுவலகச் சுவிட்சையும் இரட்டைக் கேபிளால் இணைத்தால் மாணவர்களுக்கு இணையம் இரட்டை வேகத்தில் வருமாம். பள்ளிக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பு 100 மெகாபிட் என்றால், உள்ளே ஒரு ஜிகாபிட் ஏற்கெனவே பத்து மடங்கு அகலம். அதை இருபது மடங்காக்கினால் யூடியூப் பாடம் சுற்றுவது நின்றுவிடுமா? 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்த 1பெஸ்தாரிநெட் திட்டம் 10,000 பள்ளிகளை எட்டப் பார்த்ததும் வெளி இணைப்பைத்தான், உள்ளே கிடக்கும் கேபிளை அல்ல. அவருடைய ரயிலிலேயே இதற்கும் பதில் இருக்கிறது. கெமாஸ் வரை இரட்டைப் பாதை வந்த பிறகும் அதற்குத் தெற்கே ஜொகூர் பாரு போகிறவர்கள் வருடக்கணக்காக ஒற்றைப் பாதையில் டீசல் வண்டியில்தான் ஊர்ந்தார்கள். பள்ளி இதற்குச் செலவிடப்போவது பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து வைத்து, அன்பளிப்புச் சீட்டு விற்றுச் சேர்த்த காசு. அதில் ஒரு ரிங்கிட்கூட இந்த இரண்டாவது கேபிளுக்குப் போகக்கூடாது.

வேகம் போகட்டும், ஒன்று அறுந்தால் இன்னொன்று காப்பாற்றுமே என்று தாளின் நடுப்பகுதியில் ஒரு வரி வருகிறது. லிங்க் அக்ரிகேஷனின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, அது நடக்காதபடிக்கு வேண்டிய எல்லாவற்றையும் அடுத்த பக்கங்களில் அவரே பரிந்துரைக்கிறார்.

எல்ஏசிபி தேவையில்லாத தலைவலி, ஸ்டாட்டிக் முறையில் போடுங்கள் என்பது முதல் பரிந்துரை. எல்ஏசிபி என்பது இரு முனைச் சுவிட்சுகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடு: நீ யார், எந்தக் குழு, இன்னும் இருக்கிறாயா? மெதுவான முறையில் 30 நொடிக்கு ஒரு செய்தி, வேகமான முறையில் நொடிக்கு ஒன்று. மூன்று செய்தி வராத நேரம், அதாவது 90 நொடியோ 3 நொடியோ கடந்தால் அந்தக் கேபிளைக் குழுவிலிருந்து எடுத்துவிடும். ஸ்டாட்டிக்கில் இந்த விசாரிப்பு எதுவும் இல்லை. விளக்கு எரிந்தால் கேபிள் நலம் என்று நம்பிக்கொள்ளும்.

இது எங்கே கடிக்கும் தெரியுமா? அலுவலகத்திலிருந்து ஆலைக்குச் செம்புக் கேபிள் போகாது. 100 மீட்டர்தான் அதன் எல்லை. ஆகவே பைபர், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர். இதையும் அவர்தான் வரைந்து கொடுத்திருக்கிறார். நடுவில் ஒரு பைபர் அறுந்தால், மலிவான கன்வெர்ட்டர் தன் செம்புப் பக்கத்து விளக்கை அணைக்காது. சுவிட்சுக்குக் கேபிள் உயிரோடு இருப்பதாகவே தெரியும். கணக்கின் விடை அந்தப் பக்கம் காட்டிய உரையாடல்கள் எல்லாம் போய்ச் சேராமல் மறையும். எடைமேடை வேலை செய்யும், பக்கத்து ஆய்வுக்கூடக் கணினி செய்யாது. பத்து கேமரா தெரியும், பதினான்கு இருட்டு. கணினியை அணைத்துப் போட்டாலும் முகவரி அதே, விடையும் அதே, ஆகவே கோளாறும் அதே. ஒற்றைக் கேபிள் அறுந்திருந்தால் எல்லாமே நின்றிருக்கும், பத்து நிமிடத்தில் காரணம் பிடிபட்டிருக்கும். இங்கே அது ஒரு முழுநாள் தேடல். இந்த வட்டாரத்தில் சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து மூடிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களைக் கிறுக்கர்களாக்கும் கோளாறுகளில், பாதி வேலைசெய்து பாதி செய்யாத இந்த வகைக்குத்தான் முதலிடம்.

எல்ஏசிபிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காகப் பின்னிணைப்பில் ஓர் அமைப்பு தந்திருக்கிறார். இரு முனையும் பேசிவ். பேசிவ் என்றால் மறுமுனை பேசினால் மட்டும் பதில் சொல்வது. இருவரும் அடுத்தவர் வாய்திறக்கட்டும் என்று காத்திருந்தால் குழு எப்போது உருவாகும்? ஒரு முனையாவது ஆக்டிவாக இருக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம்.

கேபிள் செருகும் வரிசையும் தலைகீழ். முதலில் இரண்டு கேபிளையும் செருகிவிட்டு அப்புறம் சுவிட்சுக்குள் போய் அமைக்கச் சொல்கிறார். குழு அமையாத இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள் என்பது ஒரு சுழல். ஸ்பேனிங் ட்ரீ ஓடினால் ஒன்றை அடைத்துவைத்துக் காப்பாற்றும். அதையும் அணைத்து வைத்திருந்தால் ஓர் ஒலிபரப்புத் துண்டு சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வலையமைப்பு முழுக்க நின்றுவிடும். எடைமேடையும் நிற்கும். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். வாசலில் லோரிகள் வரிசைகட்டி நிற்கும்போது இவர் இன்னும் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருப்பார். இரு முனையிலும் இரண்டு போர்ட்டையும் வைத்துக் குழுவை அமை, ஒரு கேபிளை மட்டும் செருகி எழும்பியதா என்று பார், பிறகு இரண்டாவது கேபிளைச் செருகு. விஎல்ஏஎன் அமைப்புகளைத் தனித்தனிப் போர்ட்டில் போடாமல் குழுவின் மேல் போடு. இவ்வளவுதான் வேலை, ஆனால் வரிசை முக்கியம்.

கடைசியாகக் குழாய். இரண்டு கேபிளும் ஒரே பிவிசி குழாயில், ஒரே பள்ளத்தில், ஒரே சுவிட்சில் போய் முடிகின்றன. வாய்க்கால் வெட்ட வரும் மண்வாரி ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு மற்றதை மரியாதையாக விட்டுவைக்குமா? செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே கம்பம் நட்டுப் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறோம். அந்த எலி குழாய்க்குள் நுழைந்தால் கேபிளை எண்ணிப் பார்த்தா கடிக்கும்? இடிமின்னல் மிகுந்த நாடு இது. எடைமேடைக்கு அவர் இழுக்கச் சொல்லும் இரட்டைச் செம்புக் கேபிள், மின்னலுக்கு இரட்டை வழி. வெவ்வேறு சுவிட்சில் முடிக்கலாமே என்றால், ஸ்டாக் போன்ற வசதி இல்லாத சுவிட்சுகளில் ஒரு குழுவை இரண்டு பெட்டிக்குப் பிரிக்க முடியாது. அவர் பட்டியலில் இருப்பது அந்த வசதி இல்லாத ரகம்.

என்னதான் செய்வது என்று கேட்டால், செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. சர்வருக்கும் ஒரு கணினிக்கும் இடையே வேகம் வேண்டுமா? 2016-இல் வந்த 802.3பிஇசட் தரம் பழைய கேட் 5இ கேபிளிலேயே 2.5 ஜிகாபிட் ஓட்டும். அந்த ஒற்றைக் கேபிளில் ஒரே கோப்பு இரண்டரை மடங்கு வேகத்தில் போகும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் இருக்கும் எஸ்எம்பி மல்டிசேனல், இரு முனையிலும் இரண்டிரண்டு நெட்வொர்க் அட்டை இருந்தால் ஒரே கோப்பை இரண்டு வழியாகப் பிரித்து மறுமுனையில் சேர்க்கும். அதற்கு லிங்க் அக்ரிகேஷனே வேண்டாம். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே அகலம் வேண்டுமென்றால் 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் வைத்த சுவிட்சும் ஒரு பைபரும். அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்றால் இரண்டு பைபர், ஒன்று சாலையோரமாக, மற்றது தோட்டத்தின் மறுபக்கமாகச் சுற்றி, மேலே எல்ஏசிபி வேகமான முறையில்.

ஆலோசகர் தம் யோசனை சரியென்று இன்னும் நினைத்தால், பணம் வாங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்து காட்டட்டும். மேனேஜர் எதிரே ஒரே ஒரு கோப்பைச் சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டே, சுவிட்சின் போர்ட் கணக்குப் பக்கத்தைத் திறந்து இரண்டாவது கேபிளின் எண்ணைக் காட்டட்டும். பிறகு, லோரிகள் எடைபோடும் நேரத்தில், ஆலைப் பக்கத்து கன்வெர்ட்டரிலிருந்து ஒரு பைபரை மட்டும் தம் கையாலேயே உருவட்டும். எந்த நாளில் என்று சொன்னால் நானும் வருகிறேன்.